கப் அளவைக் கிராமுக்கு மாற்றுவது எப்படி? பேக்கிங் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

போன வாரம் பஞ்சு மாதிரி வந்த கேக், அதே குறிப்பை வைத்துச் செய்தும் இந்த வாரம் வறண்டு வெடித்துப் போகிறதா? ஓவனைச் சந்தேகப்படும் முன் மாவை அளந்த கப்பைப் பாருங்கள். ஒரே கப்பில், ஒரே ஆள், ஒரே மாவை இரண்டு முறை அள்ளினாலே 20, 25 கிராம் வித்தியாசம் வரலாம். கேக்கின் பதத்தை மாற்ற அது போதும்.

இதற்குத் தீர்வு, கப்பில் இருக்கும் குறிப்பை ஒரே ஒரு முறை கிராமுக்கு மாற்றி எழுதிக்கொண்டு, பிறகு தராசிலேயே வேலை செய்வது. மாற்றும்போதுதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். "1 கப் எத்தனை கிராம்?" என்ற கேள்விக்குத் தனியாகப் பதிலே கிடையாது. எந்தப் பொருள், எந்த நாட்டுக் கப், எப்படி நிரப்பியது என்ற மூன்றும் தெரிந்தால்தான் எண் கிடைக்கும். கீழே உள்ள வரிசை அந்த மூன்றையும் ஒவ்வொன்றாகப் பிடிப்பதற்காக.

வேண்டியவை: மாற்றப் போகும் குறிப்பு, கையில் இருக்கும் அளவுக் கப், டிஜிட்டல் தராசு, ஒரு பென்சில். முதல் குறிப்புக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். இரண்டாவது குறிப்பு பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

1. தராசைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்

5 கிலோ வரை தாங்கி, 1 கிராம் துல்லியமாகக் காட்டும் சாதாரண சமையலறைத் தராசு போதும். பணம் செலவழிக்க வேண்டிய ஒரே பொருள் இதுதான். அழகான கப் செட், கண்ணாடி ஜாடி எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

வாங்கியதும் ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். கனமான ஒரு டம்ளரைத் தட்டின் நடுவில் வைத்து எண்ணைக் குறியுங்கள். பிறகு நான்கு மூலைகளிலும் வைத்துப் பாருங்கள். ஒரு கிராமுக்கு மேல் மாறினால், தராசு சமமில்லாத இடத்தில் இருக்கிறது, அல்லது பேட்டரி தீரும் நிலையில் இருக்கிறது, அல்லது தராசே சரியில்லை.

அலகுப் பொத்தானையும் கவனியுங்கள். பல தராசுகளில் கிராமுக்குப் பக்கத்திலேயே 'மில்லி' என்று ஒரு முறை இருக்கும். தராசுக்கு எடை மட்டும்தான் தெரியும். உள்ளே இருப்பது தண்ணீர் என்று வைத்துக்கொண்டு, அந்த எடையையே மில்லி என்று காட்டுகிறது. அந்த முறையில் 100 மில்லி தேன் எடுத்தால், உண்மையில் உங்கள் கிண்ணத்தில் விழுவது சுமார் 70 மில்லிதான். எப்போதும் கிராமிலேயே வைத்திருங்கள்.

2. உங்கள் கப் எத்தனை மில்லி என்று கண்டுபிடியுங்கள்

காலிக் கப்பைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்குங்கள். விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீர் விளிம்புக்கு மேல் லேசாகப் புடைத்து நிற்கும், அது நான்கைந்து கிராமைக் கூட்டிவிடும். அதனால் பக்கவாட்டில் குனிந்து பார்த்து, மட்டமாக இருக்கும்போது எண்ணை எடுங்கள். தண்ணீர் 1 கிராம் என்றால் 1 மில்லி. தராசு காட்டும் எண்தான் கப்பின் கொள்ளளவு.

237க்குப் பக்கத்தில் வந்தால் அமெரிக்கக் கப். 240 வந்தாலும் அதே வகையில் சேர்த்துவிடலாம். 250 வந்தால் மெட்ரிக் கப். 200 வந்தால் ஜப்பானியக் கப். 180 வந்தால் ரைஸ் குக்கருடன் வந்த கப், அதை பேக்கிங்கிலிருந்து தள்ளி வையுங்கள்.

'திரவக் கப்', 'உலர் பொருள் கப்' என்று இரண்டு விதம் விற்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். இரண்டின் கொள்ளளவும் ஒன்றுதான். ஒன்றில் மூக்கும், விளிம்புக்குக் கீழே கோடும் இருக்கும், சிந்தாமல் ஊற்றலாம். மற்றதில் விளிம்பு மட்டமாக இருக்கும், தலைதட்டலாம். மூக்கு வைத்த ஜாடியில் மாவை அளந்தால் தலைதட்ட வழியில்லை. மட்டமாக்குவதற்காக ஜாடியைத் தட்டுவீர்கள், மாவு அமுங்கிக் கூடுதலாகப் போய்விடும்.

3. குறிப்பு எந்தக் கப்பில் எழுதப்பட்டது?

உங்கள் கப் அல்ல, குறிப்பை எழுதியவரின் கப்தான் கணக்கு. அமெரிக்கக் குறிப்பு என்றால் 237 மில்லி. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து என்றால் 250. ஜப்பான் என்றால் 200. எழுதியவர் எந்த நாடு என்று தெரியாவிட்டாலும் குறிப்பே காட்டிக்கொடுக்கும். வெண்ணெயை 'ஒரு ஸ்டிக்' என்று சொல்லி, ஓவன் வெப்பத்தை ஃபாரன்ஹீட்டில் கொடுத்திருந்தால் அது அமெரிக்கக் குறிப்பு.

237க்கும் 250க்கும் உள்ள வித்தியாசம் ஐந்தரை சதவீதம்தான். எல்லாப் பொருளும் கப்பிலேயே இருந்தால் இது பெரிய பாதிப்பு தராது. எல்லாமே சேர்ந்து கூடும் அல்லது குறையும், விகிதம் மாறாது. ஆனால் முட்டையை எண்ணித்தான் போடுகிறோம், வெண்ணெயைக் கட்டிக் கணக்கில் போடுகிறோம், பேக்கிங் பவுடரை ஸ்பூனில் போடுகிறோம். அங்கேதான் விகிதம் உடைகிறது.

டேபிள்ஸ்பூனில் ஒரு பொறி உண்டு. அமெரிக்கா, பிரிட்டனில் அது 15 மில்லி. ஆஸ்திரேலியாவில் 20 மில்லி. டீஸ்பூன் எல்லா இடத்திலும் 5 மில்லி என்றே எடுத்துக்கொள்ளலாம். ஆஸ்திரேலியக் குறிப்பில் '1 டேபிள்ஸ்பூன்' வந்தால் நான்கு டீஸ்பூன் போடுங்கள்.

அவுன்ஸ் அதைவிட ஆபத்தானது. எடை அவுன்ஸ் 28.35 கிராம். திரவ அவுன்ஸ் கொள்ளளவு, அமெரிக்காவில் 29.57 மில்லி. '8 திரவ அவுன்ஸ் 1 கப்' என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, '8 அவுன்ஸ் சாக்லேட் சிப்ஸ்' என்று பார்த்ததும் ஒரு கப் அளந்து போடுபவர்கள் நிறைய. ஒரு கப் சிப்ஸ் சுமார் 170 கிராம்தான், அதாவது 6 அவுன்ஸ். 8 அவுன்ஸ் என்றால் 227 கிராம். உலர்ந்த பொருளுக்கு அவுன்ஸ் என்று வந்தால் அது எடை. நேராக 28.35ஆல் பெருக்குங்கள், கப்பைத் தொடவே வேண்டாம்.

4. மாவு: இங்கேதான் நிதானம் வேண்டும்

சர்க்கரையில் யார் அளந்தாலும் ஏறக்குறைய ஒரே எண் வரும். மணிகள் கெட்டி, அமுங்காது. மாவு அப்படியில்லை. மாவில் காற்று இருக்கிறது. அந்தக் காற்று எவ்வளவு என்பது பையை எப்படி வைத்திருந்தீர்கள், எப்படி அள்ளினீர்கள் என்பதைப் பொறுத்து மாறும். ஒரு அமெரிக்கக் கப் மைதா:

சலித்து, லேசாக நிரப்பித் தலைதட்டினால் சுமார் 110 முதல் 115 கிராம்.
மாவைக் கிளறிவிட்டு, ஸ்பூனால் கப்புக்குள் போட்டுத் தலைதட்டினால் 120 முதல் 125 கிராம்.
கப்பையே பைக்குள் விட்டு அள்ளித் தலைதட்டினால் 140 முதல் 150 கிராம்.
அள்ளிய பிறகு கப்பை மேசையில் தட்டி, இன்னும் கொஞ்சம் போட்டால் 160ஐயும் தாண்டும்.

நான்குமே 'ஒரு கப் மாவு'தான். எழுதியவர் இரண்டாவது முறையில் அளந்திருக்க, படிப்பவர் மூன்றாவது முறையில் அள்ளினால், கேக் கல்லாவதில் ஆச்சரியமே இல்லை.

அப்படியானால் எந்த எண்ணை எடுப்பது? குறிப்பின் தொடக்கத்தில் அளக்கும் முறை சொல்லப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 'ஸ்பூனால் போட்டுத் தலைதட்டவும்' என்றிருந்தால் 120. 'கப்பால் அள்ளி' என்றிருந்தால் 140. ஒன்றுமே இல்லாவிட்டால் 125இல் தொடங்குங்கள். மாவு சற்றுக் குறைந்தால் கேக் கொஞ்சம் மென்மையாக வரும், குக்கீ கொஞ்சம் பரவும். சாப்பிட முடியும், அடுத்த முறை 10 கிராம் கூட்டலாம். மாவு கூடிப்போனால் வறட்சி, வெடிப்பு, மாவு வாசம். வெந்த பிறகு அதைச் சரிசெய்ய வழியில்லை. சந்தேகம் வந்தால் குறைவான பக்கம் நில்லுங்கள்.

சொற்களின் வரிசையையும் விட்டுவிடாதீர்கள். 'சலித்த மாவு 1 கப்' என்றால், சலித்த பிறகு அளந்தது, 115 கிராம் வரை. 'மாவு 1 கப், சலித்தது' என்றால், அளந்த பிறகு சலிப்பது, 120 முதல் 125. நறுக்கிய வால்நட்டுக்கும் இதே விதிதான். முழுதாக அளந்து நறுக்குவதும், நறுக்கி அளப்பதும் வேறு வேறு எடை.

முழு கோதுமை மாவு அரைத்த விதத்துக்கு ஏற்ப 115 முதல் 130 வரை போகும். உங்கள் கையில் இருக்கும் மாவுக்கு நீங்களே எண் எடுத்துக்கொள்வது நல்லது. கிளறி, ஸ்பூனால் நிரப்பி, கத்தியின் முதுகால் தலைதட்டி, நிறுத்துக் குறியுங்கள். கொட்டிவிட்டு மீண்டும். ஐந்து முறை. கூட்டி ஐந்தால் வகுத்தால் உங்கள் எண் கிடைக்கும். ஐந்து எண்களுக்குள்ளேயே எவ்வளவு ஏற்ற இறக்கம் என்று பார்த்துவிட்டால், பிறகு மாவுக்குக் கப்பை எடுக்க மனம் வராது.

5. மற்றப் பொருள்களுக்கான எண்கள்

எல்லாம் 237 மில்லி அமெரிக்கக் கப்புக்கு. மெட்ரிக் கப் என்றால் 1.055ஆல் பெருக்குங்கள்.

தண்ணீர் 237 கிராம்
பால் 244
எண்ணெய் 218
தேன் 336 முதல் 340
வெண்ணெய் 227 (ஒரு ஸ்டிக் 113, ஒரு டேபிள்ஸ்பூன் 14)
வெள்ளைச் சர்க்கரை 200
பிரவுன் சர்க்கரை, அமுக்கி நிரப்பியது 200 முதல் 220
பொடித்த ஐசிங் சர்க்கரை 115 முதல் 120
கோகோ பவுடர் 85 முதல் 100
சோள மாவு (வெள்ளைக் கார்ன்ஃப்ளவர்) 120 முதல் 128
ஓட்ஸ் 90 முதல் 100
ஓடு நீக்கிய பெரிய முட்டை ஒன்று 50

இந்தப் பட்டியலை ஒரு முறை நிதானமாகப் பாருங்கள். தேனும் கோகோவும் ஒரே கப், எடையில் நான்கு மடங்கு வித்தியாசம். பொருளின் பெயரையே கேட்காமல் 'கப்பைக் கிராமாக மாற்றித் தருகிறேன்' என்று சொல்லும் எந்தக் கருவியையும் நம்பாதீர்கள். அது எல்லாவற்றையும் தண்ணீராக எண்ணி, ஒரு கப் மாவுக்கு 240 கிராம் என்று சொல்லும். தேவைப்படுவதைப் போல இரண்டு மடங்கு.

பிரவுன் சர்க்கரையில் ஈரம் இருப்பதால் அமுக்குவதைப் பொறுத்து எடை மாறும். 'அமுக்கி' என்று குறிப்பு சொன்னால் 213 நல்ல நடு எண். கோகோ கட்டி கட்டியாக இருக்கும், கப்பில் நிரப்பும்போது நடுவே வெற்றிடம் விழும். 85 எடுங்கள். அதிகமானால் கசப்போடு வறட்சியும் சேரும்.

6. ஸ்பூன் அளவுகளை அப்படியே விடலாம்

எல்லாவற்றையும் கிராமாக்கும் ஆர்வத்தில் கால் டீஸ்பூன் உப்பையும் தராசில் போடாதீர்கள். 1 கிராம் துல்லியமுள்ள தராசு '2' என்று காட்டும்போது உள்ளே 1.5 இருக்கலாம், 2.4உம் இருக்கலாம். பேக்கிங் சோடாவில் அந்தப் பிழை சோப்பு ருசியாக நாக்கில் தெரியும். 0.1 கிராம் காட்டும் சின்னத் தராசு இருந்தால் நிறுக்கலாம். இல்லையென்றால் 5 கிராமுக்குக் குறைவானதைத் தலைதட்டிய டீஸ்பூனிலேயே போடுங்கள். கோபுரமாக அள்ளக் கூடாது.

உப்புக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. பொடி உப்பு ஒரு டீஸ்பூன் சுமார் 6 கிராம். செதில் செதிலாக இருக்கும் கோஷர் உப்பு வகையைப் பொறுத்து 3 முதல் 5 கிராம். குறிப்பில் கோஷர் உப்பு என்றிருக்க, நீங்கள் பொடி உப்பைப் போட்டால் இரண்டு மடங்கு வரை கரித்துவிடும். பாதியில் தொடங்குங்கள்.

இன்ஸ்டன்ட் ஈஸ்ட் ஒரு டீஸ்பூன் சுமார் 3 கிராம். 'ஒரு பாக்கெட் ஈஸ்ட்' என்று அமெரிக்கக் குறிப்பில் வந்தால் 7 கிராம், அதாவது இரண்டே கால் டீஸ்பூன்.

7. ஒரு குறிப்பை மாற்றிப் பார்க்கலாம்

சாதாரண வெண்ணெய்க் கேக் ஒன்று: மைதா 1½ கப், சர்க்கரை 1 கப், வெண்ணெய் ½ கப், பால் ½ கப், முட்டை 2, பேக்கிங் பவுடர் 1½ டீஸ்பூன், உப்பு ¼ டீஸ்பூன். அமெரிக்கக் குறிப்பு, அளக்கும் முறை சொல்லவில்லை.

மைதா 1½ × 125 = 187.5, 188 என்று வைப்போம். சர்க்கரை 200. வெண்ணெய் 113. பால் 122. முட்டை ஓடு இல்லாமல் 100. பேக்கிங் பவுடரும் உப்பும் ஸ்பூனிலேயே.

இதே மாவைக் கப்பால் அள்ளியிருந்தால் 1½ × 145, அதாவது 218 கிராம். 30 கிராம் கூடுதல். யாரோ உங்களுக்குத் தெரியாமல் நான்கு டேபிள்ஸ்பூன் மாவை அள்ளிப் போட்டது மாதிரி. அந்த மாவு பாலைக் குடித்துவிடும். கலவை ஸ்பூனிலிருந்து ரிப்பன் போல விழாமல் கட்டியாகப் பொத்தென்று விழும். கலவையை ஊற்றும்போதே இப்படித் தெரிந்தால், ஓவனுக்குள் தள்ளும் முன் இரண்டு டேபிள்ஸ்பூன் பால் விட்டு லேசாகக் கலந்துவிடுங்கள். அதிகம் அடித்தால் ரப்பர் பதம் வந்துவிடும்.

முட்டை அளவு நாட்டுக்கு நாடு மாறும். சின்ன முட்டை என்றால் எண்ணிக்கையை விட்டுவிட்டு, உடைத்து அடித்து 100 கிராம் நிறுத்துக்கொள்ளுங்கள். குறிப்பைப் பாதியாக்கும்போதும் இதே வழி. ஒன்றரை முட்டை என்றால் இரண்டை அடித்து 75 கிராம்.

8. கணக்கு சரியா என்று சோதியுங்கள்

மாற்றி முடித்ததும் நேராக ஓவனைச் சூடாக்காதீர்கள். எண்களை ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு நிமிடம் போதும்.

ரொட்டி (பிரெட்) என்றால் தண்ணீரை மாவால் வகுத்து நூறால் பெருக்குங்கள். 4 கப் மாவு, 320 கிராம் தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். கப்புக்கு 120 என்றால் மாவு 480, விகிதம் 67 சதவீதம். சாதாரண மென் ரொட்டிக்கு இது பொருந்தும். கப்புக்கு 145 என்றால் மாவு 580, விகிதம் 55. அது பேகல் (வளைய வடிவ ரொட்டி) போன்றவற்றுக்குப் பிசையும் இறுக்கமான மாவு. குறிப்பு 'மாவு கையில் லேசாக ஒட்டும்' என்று சொல்லியிருந்தால், எழுதியவர் எப்படி அளந்தார் என்பது இப்போது தெரிந்துவிட்டது. 120தான்.

வெண்ணெய்க் கேக் என்றால் சர்க்கரையை நங்கூரமாக வைத்துக்கொள்ளுங்கள், அதன் எண் ஏமாற்றாது. பவுண்டு கேக்கில் மாவு, சர்க்கரை, வெண்ணெய், முட்டை நான்கும் ஒரே எடை, பழைய குறிப்பில் தலா ஒரு பவுண்டு. அதுதான் அந்தப் பெயருக்கே காரணம். உங்கள் கணக்கில் மாவு மட்டும் மற்ற மூன்றையும் விடத் துருத்திக்கொண்டு நின்றால், மாவுக்கு எடுத்த எண்ணைக் குறையுங்கள்.

9. தராசில் வேலை செய்யும்போது

கிண்ணத்தை வைத்துப் பூஜ்யமாக்கி, ஒரு பொருளைப் போட்டு, மீண்டும் பூஜ்யமாக்கி அடுத்ததைப் போடலாம். கப் கழுவும் வேலை மிச்சம். ஆனால் மாவின் மேல் சர்க்கரை அதிகமாக விழுந்துவிட்டால் பிரித்தெடுக்க முடியாது. கை பழகும் வரை மாவையும் சர்க்கரையையும் தனிக் கிண்ணங்களில் எடுங்கள்.

தேன், சாக்லேட் ஸ்ப்ரெட் போன்ற ஒட்டும் பொருள்களுக்கு இன்னும் எளிய வழி உண்டு. பாட்டிலையே தராசில் வைத்துப் பூஜ்யமாக்குங்கள். ஸ்பூனால் எடுத்துக் கிண்ணத்தில் போடப் போட, தராசு கழித்தல் குறியோடு எண் காட்டும். −84 வந்தால் கால் கப் தேன் எடுத்தாயிற்று. கப்பில் ஒட்டி வீணாவது எதுவும் இல்லை.

பல தராசுகள் ஓரிரு நிமிடத்தில் தானாக அணைந்துவிடும். பாதி மாவு போட்ட நிலையில் அணைந்தால் பூஜ்யமாக்கியது போய்விடும். அடிக்கடி பயன்படுத்தும் கிண்ணங்களின் காலி எடையை அடியில் அழியாத மையில் எழுதி வையுங்கள். மொத்த எடையிலிருந்து கழித்துத் தொடரலாம்.

இன்னொன்று. ஈஸ்ட் மாதிரிப் பொருளைச் சிட்டிகை சிட்டிகையாகப் போட்டால், சில தராசுகள் அந்தச் சிறு மாற்றத்தைக் கண்டுகொள்ளாமல் எண்ணை அப்படியே வைத்திருக்கும். தனியாக ஒரு சின்னக் கிண்ணத்தில் எடுத்து, மொத்தமாகத் தட்டில் வைத்து நிறுங்கள்.

மாற்றிய எண்களைக் குறிப்பின் ஓரத்தில் பென்சிலால் எழுதுங்கள், பேனாவால் வேண்டாம். பக்கத்திலேயே 'கப் 237, மாவு 125' என்று அடிப்படையையும் குறித்து வையுங்கள். செய்து பார்த்த பிறகு கேக் உலர்வாக இருந்தால் மாவைக் கப்புக்கு 5 கிராம் குறையுங்கள், நடுவில் அமுங்கினால் 5 கூட்டுங்கள். ஒரு நேரத்தில் ஒரு எண்ணை மட்டும் மாற்றுங்கள். இரண்டு, மூன்று முறை செய்வதற்குள் எண் நிலைத்துவிடும். அப்போது பேனாவால் எழுதிக்கொள்ளலாம்.